வேட்டைச் சங்கம் காவற்சங்கமான வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், ஒரு விலங்கினம் மண்ணிலிருந்து மறைந்து போகாமல் எஞ்சி நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைக் கொன்றவர் யார், காத்தவர் யார் என்று வினவினால், இரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைப்பதும் உண்டு. தென்னிந்தியாவின் நீலகிரி மலையில் வரையாடு என்னும் விலங்கு பிழைத்த வரலாறு அத்தகையது.

வரை என்பது மலை. செங்குத்தான பாறைச் சரிவு. அவ்வரைகளில் வாழும் ஆடு வரையாடு எனப்பட்டது. சங்க நூல்களில் வருடை என வழங்கப்பெறும் விலங்கு இதுவே என்பது அறிஞர் கருத்து. தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களில் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளன்றி உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. முதிர்ந்த கிடாயின் முதுகில் சேணம் இட்டாற்போன்ற வெளிர்நிறப் பட்டை தோன்றும். பெட்டை பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். இன்று இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதன் நிலை வேறு.

மலையேறிய துப்பாக்கி

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு நீலகிரி மீது ஏறினார். பின்னர் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டிக் குடியமர்ந்தார். அவரைத் தொடர்ந்து அதிகாரிகளும் படைவீரரும் காப்பித் தோட்டத் துரைமாரும் மலைக்கு வந்தனர். மலையுச்சியிலோ அகன்ற புல்வெளிகளும், பள்ளத்தாக்குகளில் அடர்ந்த சோலைக்காடுகளும் இருந்தன. கடமானும் வரையாடும் காட்டெருமையும் காட்டுக்கோழியும் அங்கு மிகுதி. வந்தவர்க்கு வேட்டை பொழுதுபோக்காயிற்று.

அந்நாளில் அங்கு வேட்டைக்கு எவ்வித வரம்பும் இல்லை. கிடாய் எது, பெட்டை எது என்று நோக்குவாரில்லை. குட்டியீனும் பருவம் எது என்று கருதுவாரும் இல்லை. துப்பாக்கிகள் விரைவும் துல்லியமும் பெறப்பெற, மந்தைகள் குறைந்தன. எளிதில் காணக்கிடைத்த வரையாட்டைத் தேடி, பாறை விளிம்புகளில் நாட்கணக்கில் அலைய வேண்டிய நிலை 1870-களுக்குள் வந்துவிட்டது.

அழிவை முதலில் உணர்ந்தவர்கள் வேட்டைக்காரர்களே. இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் காரணம் எளிது. ஆண்டுதோறும் அதே மலைமுகட்டுக்குச் சென்று அதே மந்தையைத் தேடியவர்கள் அவர்கள். சென்ற ஆண்டு எத்தனை கண்டோம், இவ்வாண்டு எத்தனை கண்டோம் என்ற கணக்கு அவர்கள் மனத்திலும் நாட்குறிப்பிலும் இருந்தது. அக்கணக்கே அவர்களை அச்சுறுத்தியது.

சங்கமும் சட்டமும்

1870-களின் பிற்பகுதியில் உதகமண்டலத்து வேட்டைக்காரர் ஒன்றுகூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தனர். தம் வேட்டைக்குத் தாமே வரம்பு கட்டிக்கொள்வதும், அவ்வரம்புக்கு அரசின் ஆணையைப் பெறுவதும் அவர்தம் நோக்கம். சென்னை மாகாண அரசு காட்டுயானைகளைக் காக்க 1873-இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதன் பின்னர், 1879-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமாக நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரே மாவட்டத்திற்கென்று இயற்றப்பட்ட சட்டம் அது.

அச்சட்டத்தின்கீழ் வேட்டை தடைசெய்யப்பட்ட பருவம் வரையறுக்கப்பட்டது. வேட்டையாட விரும்புவோர் உரிமச்சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. வரையாட்டில் முதுகில் பட்டையுடைய முதிர்ந்த கிடாயை மட்டுமே சுடலாம் என்னும் நெறியும் வழக்கில் வந்தது. பெட்டையும் இளங்கிடாயும் தப்பினால் மந்தை மீளும் என்பது அந்நெறியின் உட்பொருள். உரிமச்சீட்டுக்கு வரும் கட்டணத்தைக் கொண்டு காவலர் அமர்த்தப்பட்டனர். சங்கத்தின் கௌரவச் செயலாளர்களும் உறுப்பினர்களும் ஊதியம் கருதாது மலைகளைச் சுற்றி, மந்தைகளை எண்ணி, அறிக்கை எழுதினர். தன்னார்வத் தொண்டு என்று இன்று நாம் கூறுவது, அந்நாளில் இவ்வாறு நடைபெற்றது.

சட்டத்தின் பெயரில் மீனும் இடம்பெற்றமை கருதத்தக்கது. நீலகிரி ஓடைகளில் தூண்டிலிட்டு மகிழத்தக்க பெருமீன் இல்லை என்று எண்ணிய ஆங்கிலேயர், வெளிநாட்டு மீன்களைக் கொணர்ந்து விட்டனர். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860-களில் டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றும் பயன் கிட்டவில்லை. பின்னர் வில்சன் என்பார் முயன்று வென்றார். 1907-ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் டிரவுட் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. தூண்டில்காரரும் உரிமச்சீட்டுக்கும் பருவ வரம்புக்கும் உட்பட்டனர்.

இச்சங்கத்தின் தொண்டு ஓராண்டோடு ஈராண்டோடு ஓய்ந்துவிடவில்லை. சங்கப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த பிதியன் ஆடம்ஸ், 1879 முதல் 1939 வரையிலான அறுபதாண்டு வரலாற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதி வெளியிட்டார். அறுபதாண்டுக் காலம் ஓர் உள்ளூர்ச் சங்கம் தன் பணியைத் தொடர்ந்ததும், அதனை எழுத்தில் பதித்து வைத்ததும் எளிய செயல்கள் அல்ல.

நாணயத்தின் மறுபக்கம்

வரலாற்றை நடுநிலையோடு நோக்குவோர் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. அச்சங்கம் விலங்கைக் காத்தது விலங்கின் பொருட்டு அன்று; நாளைய வேட்டையின் பொருட்டே. உரிமச்சீட்டு வாங்கும் வசதி படைத்தவனின் வேட்டை விளையாட்டு எனப்பட்டது. பசிக்காகக் கண்ணி வைத்தவனின் வேட்டையோ திருட்டு எனப்பட்டது. தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் அம்மலையில் நெடுங்காலமாக வாழ்ந்தவர்கள். அவருள் தோடர் எருமை வளர்த்துப் பாலுணவு கொண்டு வாழ்ந்தவர், வேட்டையாடாதவர். மலைக்கு நேற்று வந்தவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்கு விதி வகுத்தனர்.

மேலும், செந்நாய் போன்ற விலங்குகளை அக்காலத்தார் தீங்குயிர் என்று ஒதுக்கினர். அவற்றைக் கொன்றவர்க்குப் பரிசும் அளித்தனர். மானைத் தின்னும் விலங்கும் அம்மலையின் உயிரே என்னும் அறிவு அன்று வளரவில்லை. புல்வெளியின் அருமையும் உணரப்படவில்லை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகக் கற்பூர மரமும் சீகை மரமும் வெளிநாடுகளிலிருந்து வந்து, வரையாடு மேய்ந்த புல்வெளிகளைப் படிப்படியாக விழுங்கின. துப்பாக்கிக்குத் தப்பிய விலங்கு மேய்ச்சலை இழந்தது. வேட்டைக்கு வரம்பு கட்டிய சங்கத்தால், மரம் நடுவோருக்கு வரம்பு கட்ட இயலவில்லை. இன்று நீலகிரியில் வரையாடு வாழ்வது முக்குருத்தி தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதியில் மட்டுமே.

மூணாற்றில் முதுவர்

நீலகிரிக்குத் தெற்கே, இன்றைய கேரளத்தின் மூணாறு மலைகளிலும் இதனையொத்த வரலாறு நிகழ்ந்தது. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிரிட்ட ஆங்கிலேயத் துரைமார், இரவிகுளம் என்னும் உயர்ந்த புல்வெளியை 1895 முதல் தம் வேட்டைக்கென ஒதுக்கி வைத்தனர். 1928-இல் அதனைப் பேணுவதற்கென ஒரு சங்கமும் ஏற்பட்டது. அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர். தோட்ட வாழ்வை அறிந்த மலேசியத் தமிழர்க்கு அக்காட்சி அயலானதன்று.

இரவிகுளத்தைக் கண்ணுங்கருத்துமாகக் காத்தவர்கள் முதுவர் என்னும் பழங்குடி மக்கள். வேட்டைக் காவலராக அமர்த்தப்பட்ட அவர்கள், கள்ள வேட்டைக்காரரைத் தடுத்தனர். காட்டுத்தீ பரவாதபடி புல்லைப் பகுதி பகுதியாக முன்னரே எரித்துத் தீத்தடுப்புக் கோடு அமைத்தனர். எரிந்த இடத்தில் துளிர்த்த இளம்புல் வரையாட்டுக்கு உணவாயிற்று. எந்தப் பாறையில் எந்த மந்தை தங்கும், எந்தத் திங்களில் குட்டி ஈனும் என்பன அவர்க்குத் தெரிந்திருந்தன. சங்கத்தின் ஏடுகளில் துரைமார் பெயர்கள் உள்ளன. மழையிலும் பனியிலும் மலை சுற்றிய முதுவர் பலரின் பெயர்களோ எவ்வேட்டிலும் இல்லை.

1971-இல் கேரள அரசு சட்டமியற்றி அந்நிலத்தை மீட்டது. 1975-இல் இரவிகுளம் விலங்குப் புகலிடமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 97 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவே இன்று உலகில் வரையாடு மிகுதியாக வாழும் இடம். அங்குள்ள ராஜமலையில், மனிதரைக் கண்டு அஞ்சி ஓடாமல் வழியோரத்தில் நின்று மேயும் வரையாடுகளைக் காணலாம். துப்பாக்கி ஓய்ந்து தலைமுறைகள் கடந்தபின் அச்சமும் மறைந்தது போலும்.

துப்பாக்கியை வைத்த பின்னர்

1972-ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வரையாடு மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய பட்டியலில் சேர்க்கப்பட்டது. விளையாட்டு வேட்டையின் காலம் முடிந்தது. வேட்டைச் சங்கத்திற்கு இனி என்ன வேலை என்னும் வினா எழுந்தது. நீலகிரிச் சங்கம் கலைந்து போகவில்லை. தன் பெயரில் இருந்த வேட்டையை நீக்கி வனவிலங்குச் சங்கம் ஆயிற்று. பின்னர்ச் சுற்றுச்சூழலையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. எண்ணுதல், காத்தல், எடுத்துரைத்தல் ஆகிய பழைய பணிகள் தொடர்ந்தன; சுடுதல் ஒன்று மட்டுமே நின்றது.

அம்மாற்றத்தைத் தம் வாழ்விலேயே காட்டியவர் ஈ. ஆர். சி. தாவீதார். தொழிலால் வழக்கறிஞர், ஒரு காலத்தில் வேட்டைக்காரர். நீலகிரிச் சங்கத்தின் பணியில் ஈடுபட்ட அவர், துப்பாக்கியைத் துறந்து, வரையாடு வாழும் மலைகளைத் தேடிப் புறப்பட்டார். 1963-இல் நீலகிரியின் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். 1975-இல் தொடங்கி, நீலகிரியோடு நில்லாமல் வரையாட்டின் வாழிடம் முழுவதையும் ஆய்ந்து, மொத்தம் ஏறத்தாழ 2,200 வரையாடுகள் எஞ்சியுள்ளன என மதிப்பிட்டார். பல்கலைக்கழகப் பதவியோ அரசுப் பதவியோ இன்றி ஆற்றிய தொண்டு அது. பிற்கால ஆய்வாளர் பலர்க்கும் அக்கணக்கே தொடக்கப் புள்ளியாயிற்று.

அத்தொண்டு மறக்கப்படவில்லை. தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கெனத் தனித் திட்டத்தை வகுத்து 2023-இல் தொடங்கிவைத்தது. தாவீதாரின் நினைவாக அக்டோபர் 7-ஆம் நாள் வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2025-இல் இரு மாநிலங்களும் இணைந்து எடுத்த கணக்கில் தமிழகத்தில் 1,303, கேரளத்தில் 1,365 எனப் பதிவாயிற்று. ஓர் இனம் முழுவதும் மூவாயிரத்திற்குள் அடங்கிவிடும் என்பது அச்சத்திற்குரியது. எனினும், அவ்வளவேனும் எஞ்சியிருப்பது ஆறுதலுக்குரியது.

மலாயாவில் ஒரு சான்று

வேட்டைக்காரர் காவலராக மாறியது தென்னிந்தியாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. மலாயாவிலும் அதற்குச் சான்று உண்டு. நீலகிரிக் காட்டெருமையும் மலாய் மக்கள் செலாடாங் என்று அழைக்கும் விலங்கும் ஓரினமே. அதனையும் யானையையும் வேட்டையாடிய அனுபவத்தை 1905-இல் நூலாக எழுதியவர் தியடோர் ஹப்பேக். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பேக்கின் உடன்பிறப்பு அவர். அவரே பின்னர் வேட்டையைக் கட்டுப்படுத்தப் போராடினார். 1930-இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தம் இடைவிடா முயற்சியின் பயனாக, 1938–39-ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்த தேசியப் பூங்கா உருவாயிற்று. இன்று அது தாமான் நெகாரா எனப் பெயர் பெற்று விளங்குகிறது. மூணாற்றில் முதுவரைப் போலவே, அக்காட்டின் வழிகளை அறிந்தவர்கள் பாத்தேக் முதலான பூர்வகுடி மக்கள்.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் யாது? நல்ல செயல்கள் யாவும் தூய நோக்கத்தில் பிறப்பதில்லை. தன்னலத்தில் தொடங்கிய ஒரு கட்டுப்பாடு, அளந்து எண்ணும் பழக்கமாக வளர்ந்தது. அப்பழக்கம் அக்கறையாகக் கனிந்தது. இறுதியில் அது தன்னைத் தோற்றுவித்த துப்பாக்கியையே கீழே வைக்கச் செய்தது. அவ்வாறு மாறியவர்களைப் போற்றுவது வரலாற்றின் கடமை. அதே வேளையில், அவர்கள் இழைத்த பிழைகளை மறைக்காமல் உரைப்பதும், பெயர் எழுதப்படாத காவலரை நினைவுகூர்வதும் அதனினும் பெரிய கடமையாகும். மாணவர்க்கு வரலாறு கற்பிப்போர், மன்னர்களின் பட்டியலோடு இத்தகைய வரலாறுகளையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். வருடை என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதும் மாணவன், அவ்விலங்கு இன்றும் மலைமீது நிற்பது எவர் உழைப்பால் என்பதையும் அறிதல் வேண்டும்.