கோர்டன் ஆண்ட இன்னொரு தீவு

பிஜியின் தலைநகர் சுவாவில், தேர்ஸ்டன் பூங்காவுக்குள் இருக்கிறது அந்நாட்டின் நூதனசாலை. 1904இல் தொடங்கப்பட்டது. அங்கே தொழில் பார்க்கும் மச்சானிடம் விடுமுறைக்குப் போனபோது ஒரு முழுக் காலைப்பொழுதை அதற்குள் கழித்தேன். 1913இல் கட்டப்பட்ட 'ராட்டு ஃபினாவ்' என்ற இரட்டைத் தோணி, 'பவுண்டி' கப்பலின் சுக்கான், 1867இல் மலைநாட்டார் கொன்று தின்ற பாதிரியார் தோமஸ் பேக்கரின் சப்பாத்து அடித்தோல். உல்லாசப் பயணிகளுக்கு இந்தச் சப்பாத்துத்தான் பெரிய புதினம்.

நான் தேடிப் போனது இந்தியர் பகுதியை. அது மேல்மாடியில். 1879 மே 14ஆந் திகதி 'லியோனிடாஸ்' கப்பல் கல்கத்தாவிலிருந்து 463 பேரைக் கொண்டுவந்து சேர்த்தது. 1916 வரை வந்தவர்கள் 60,000 பேருக்கு மேல். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஏற்றினார்கள். பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடிய கரும்புத் தோட்டங்கள் இவைதாம். ஐந்து வருட 'அக்ரிமென்ட்' அந்த ஏழைகளின் வாயில் 'கிர்மிட்' ஆனது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சீட்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உயரம், உடம்பிலுள்ள அடையாளம். சாதி என்ற இடத்தில் நம்மவர்களுக்கு 'முசல்மான்' என்று எழுதிவிட்டார்கள். லெப்பையோ, மாப்பிள்ளையோ, பட்டாணியோ, அந்த எழுதுவினைஞருக்கு எல்லாம் ஒன்றுதான். "இஞ்ச தமிழ் கதைக்கிற ஆக்கள் குறைவு, எல்லாருக்கும் ஹிந்திதான்" என்றார் மச்சான்.

இந்த ஏற்பாட்டைத் தொடக்கி வைத்தவர் சேர் ஆதர் கோர்டன். ஆம், நம்மட கோர்டன்தான். 1889இல் சட்டநிரூபண சபைக்கு எம்.சி. அப்துல் ரஹ்மானை முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமித்த அதே தேசாதிபதி. இலங்கைக்கு 1883இல் வருமுன்னர், 1875 முதல் 1880 வரை பிஜியை ஆண்டவர். அதற்கும் முன்னர் ட்ரினிடாட்டிலும் மொரீசியசிலும் இருந்தவர். இந்தியக் கூலிகளை வைத்துக் கரும்பு விளைவிக்கும் முறையை அங்கேதான் நேரில் பார்த்தார்.

அவர் சுவதேசிகளுக்குத் தீங்கு நினைத்தவரல்லர். 1875இல் சின்னமுத்து நோய் வந்து பிஜியர் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டிருந்தார்கள். எஞ்சியவர்களைத் தோட்டத்துக்கு இழுக்கக் கூடாது, அவர்களுடைய நிலத்தை விற்க விடக் கூடாது, பிரபுக்களைக் கொண்டே அவர்களை ஆளவேண்டும் என்று நின்றார். இன்றும் அத்தீவின் நிலத்தில் 80 வீதத்துக்கு மேல் பிஜியரின் கையில் இருப்பதற்கு அவர் போட்ட அத்திவாரமும் ஒரு காரணம். ஆனால் தோட்டத்துக்குக் கை வேண்டுமே? அதற்கு இந்தியர். கிராமம் ஓரினத்துக்கு, தோட்டம் மற்ற இனத்துக்கு. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருப்பதே நல்லாட்சி என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

நமது எழுத்தாளர்கள் 1889ஐ நன்றியோடுதான் எழுதிவருகிறார்கள். அந்த ஆசனம் நமக்குத் தேவைப்பட்டது. சோனகரும் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் சபையில் வாதாடிய காலம் அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அதே வருடம் கண்டிச் சிங்களவருக்கென்று தனி ஆசனம் ஒன்றும் கோர்டன் கொடுத்தார். சபைக்குள் வருகிறவன் தன் இனத்தின் வாசலால்தான் வரவேண்டும். பிஜியில் கை பழகிய மனிதர் இங்கே செய்ததும் அந்த வேலையின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது. நம்முடைய ஆய்வுகளில் அவருடைய இலங்கைக் காலம் மட்டும் தனியே நிற்கிறது, பிஜிக் காலம் வருவதேயில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கக்கூடிய இளைஞர்கள் நமது பல்கலைக்கழகங்களில் இப்போது இருக்கிறார்கள்.

லியோனிடாஸ் வந்து சரியாக 108 வருடம் கழித்து, 1987 மே 14ஆந் திகதி, இந்தியர் கை ஓங்கிய அரசு என்று சொல்லி லெப்டினன்ட் கேர்ணல் ரபுக்கா பாராளுமன்றத்துக்குள் படையோடு புகுந்தார். அதன்பின் ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விட்டன.