தொண்டாமுத்தூர் வட்டாரத் தொடக்கக் கல்வி

தொண்டாமுத்தூர், கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. இதே பெயரில் ஊராட்சி ஒன்றியமும் சட்டமன்றத் தொகுதியும் உள்ளன. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் இவ்வட்டாரத்தின் வழியே நகரை நோக்கிப் பாய்கிறது. சின்ன வெங்காயம், பாக்கு, வாழை, கறிவேப்பிலை ஆகியவை முக்கிய விளைபொருள்கள். ஊர்களுக்கு வெளியே தோட்டத்துச் சாளைகளும், காட்டோரத்தில் சீங்கப்பதி, சர்க்கார் போரத்தி, தாணிக்கண்டி, முள்ளாங்காடு போன்ற, பதிகள் எனப்படும் இருளர் பழங்குடிக் குடியிருப்புகளும் சிதறிக் கிடக்கின்றன. தொடக்கக் கல்வி எல்லாருக்கும் எட்டியதா என்று பார்க்க வேண்டியது இந்தச் சாளைகளிலும் பதிகளிலும்தான்.

கோவைப் பகுதிக்குக் கல்வியில் தனி மரபு உண்டு. தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்து, காந்தியின் ஆதாரக் கல்வியை நடைமுறையில் காட்டியது. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் அவர் இருந்தார். ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள்ளேயே பாடமாக இருந்தது. 1953-ல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டமோ பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகளைக் குடும்பத் தொழிலுக்கு அனுப்பியது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. எதிர்ப்பு வலுத்து, 1954-ல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவு வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும் மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகளும் இருக்க வேண்டும் என்கின்றன. காட்டோரத்தில் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. யானைகள் நடமாடும் தடத்தில் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. இத்தகைய குடியிருப்புகளுக்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து மற்றும் வழிக்காவலர் வசதி இருக்கிறது. வண்டி ஒரு வாரம் வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் அந்த வாரம் காலியாகவே கிடக்கும். ஆகவே வண்டி வாடகையைக் கட்டடச் செலவுக்கு இணையான கல்விச் செலவாகவே கருத வேண்டும்.

வெங்காய அறுவடைக்கோ பாக்குத் தோப்புக்கோ போகும் தாய் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம் இந்தப் பசியைத் தீர்க்க வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைத்து, உப்புமா, கிச்சடி, வெண்பொங்கல் என்று முறைவைத்து, காய்கறிச் சாம்பாரோடு பரிமாறுகிறார்கள்.

பிள்ளை வகுப்புக்கு வந்த பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. 1990-ல் தாய்லாந்தின் ஜோம்தியன் மாநாடு அனைவருக்கும் கல்வி என்று அறிவித்தது. ஆனால் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரால் எளிய பத்தி ஒன்றைக்கூடப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி உள்ளிட்ட அமைப்புகள் 2022-ல் மதிப்பிட்டன. பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடல் இந்நிலையை மோசமாக்கியது. தமிழ்நாட்டில் 2021-ல் இல்லம் தேடிக் கல்வியும் 2022-ல் எண்ணும் எழுத்தும் தொடங்கப்பட்டன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்து கூட்டத் தெரியாத பிள்ளை அரும்பு நிலைப் பயிற்சித்தாளில் தொடங்கலாம். எட்டு வயதுக்குள் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவர வேண்டும் என்பது குறிக்கோள்.

குறிக்கோள் சரியானது, ஆள்பலம்தான் போதவில்லை. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் இரண்டு ஆசிரியர்களை வைக்கிறது. ஐந்து வகுப்பு, மூன்று நிலை, இரண்டு பேர். ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால் அன்று முழுப் பள்ளியும் ஒருவர் கையில்.

இருளர் பிள்ளைகளுக்கு மொழித் தடையும் சேர்கிறது. இருள மொழி தமிழோடு உறவுடையது என்றாலும் தனித் திராவிட மொழி. வீட்டில் இருளம் பேசி வரும் பிள்ளை முதல் நாளே பாடநூல் தமிழை எதிர்கொள்கிறது. அது வாயடைத்து உட்கார்ந்தால் மந்தம் என்று எண்ணிவிடுவது பெரும் தவறு. பதியிலேயே பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர் ஒருவரை முதலிரண்டு வகுப்புகளுக்குத் துணையாக வைத்தால் இந்த இடைவெளி குறையும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வழிக்காவலர், வண்டி, ஆசிரியர் காலியிடம் எல்லாவற்றையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் குறிக்கப்பட்டது. கூலிக்குப் போகும் தாய் அந்நேரம் தோட்டத்தில் இருப்பாள். வந்தால் அன்றைய கூலி போகும். காட்டோரப் பள்ளிகளிலாவது இக்கூட்டத்தை விடுமுறை நாளில், பதியிலேயே நடத்த வேண்டும்.