வன்னி மண்ணில் உளவளத்துணை

தமிழிலே ஆலோசனை என்றும் துணை என்றும் இரு சொற்கள் உண்டு. ஆலோசனை கூறுபவர் அறிந்தவராக நின்று, அறியாதவருக்கு வழி சொல்லுகிறார். துணை நிற்பவரோ, வழி நடப்பவரின் அருகிலே தாமும் நடக்கிறார். துன்புற்றவர் ஒருவரோடு அமர்ந்து அவர் உள்ளம் தெளிவதற்கு உதவும் பணிக்கு இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' எனப் பெயரிட்டபோது, இவ்விரு சொற்களில் பின்னதையே தெரிந்தெடுத்தனர். உதவி நாடி வருபவரைத் 'துணைநாடி' என்றனர். இப்பெயர்கள் எத்துணைப் பொருத்தமானவை என்பதை வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

இப்பணியின் பெருங்கிளை ஒன்றைத் தோற்றுவித்தவர் அமெரிக்கரான கார்ல் றொஜர்ஸ். 1902ஆம் ஆண்டிலே சிக்காகோ நகருக்கு அண்மையில் பிறந்த அவர், பன்னிரண்டாவது வயதிலிருந்து பண்ணையொன்றில் வளர்ந்தார். பல்கலைக்கழகத்திலே அவர் முதலிற் கற்றது விவசாயம். பின்னர் சமயக் கல்வியை நாடி, அதனையும் விடுத்து உளவியலுக்கு வந்தார். சிறு வயதிலே தம் வீட்டு நிலவறையிற் கண்ட காட்சி ஒன்றை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. மாரிக் காலத்துக்கென அங்கே சேமித்து வைத்த உருளைக்கிழங்குகள், மண்ணும் நீரும் இல்லாத அவ்விருளிலும் வெளிறிய முளைகளை விட்டு, மேலேயிருந்த சிறு சாளரத்தின் ஒளியை நோக்கி நீண்டனவாம். அம்முளைகள் செடியாவதில்லை. ஆயினும், வாழ முனையும் இயல்பு அவற்றைவிட்டு நீங்கவில்லை. கொடிய சூழலிலே உருக்குலைந்த மனிதரிடத்தும் இவ்வியல்பு உண்டு என்பதே அவர் கொள்கையின் வேர்.

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் றொச்செஸ்டர் நகரிலே சிறுவர் நலப் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். அக்காலத்தில், அடங்காத மகனை உடைய தாய் ஒருத்தி அவரிடம் வந்தாள். குறை தாயிடமே உள்ளது என்று முடிவு செய்த றொஜர்ஸ், அதனை அவளுக்கு உணர்த்தப் பலமுறை முயன்றும் பயன் காணவில்லை. இனிச் சந்திப்பதில் பொருளில்லை என இருவரும் உடன்பட்டபின், வாயில்வரை சென்ற அத்தாய் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே உதவுவதுண்டோ என்று வினவினாள். ஆம் என்றதும் மீண்டும் அமர்ந்து, தன் இல்லற வாழ்வின் துயரையெல்லாம் கொட்டினாள். இம்முறை அவர் போதிக்கவில்லை, கேட்டார். நலமும் அதன்பின்னரே விளைந்தது. நோவு எங்கே என்பதை நோவுற்றவரே அறிவார் என்னும் பாடத்தை அன்று அவர் கற்றார்.

இப்பாடமே 1942இலும் 1951இலும் வெளிவந்த அவருடைய நூல்களில் முறையாக வளர்ந்தது. உதவுபவரிடம் இருக்கவேண்டிய பண்புகளை 1957இலே அவர் ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் மூன்று தலையாயவை. வேடமின்றி உண்மையாக இருத்தல் ஒன்று. எதிரிலிருப்பவரை நிபந்தனையின்றி மதித்தல் மற்றொன்று. அவர் உலகை அவர் கண்களாற் கண்டு ஒத்துணர்தல் மூன்றாவது. இம்முறையிலே துணையாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் வாளா இருப்பதுமில்லை. கேட்டதன் பொருளைச் சரியாக உணர்ந்தோமா என்று மீண்டும் மீண்டும் துணைநாடியிடமே கேட்டறிகிறார். போரிலிருந்து மீண்ட படையினருக்குத் துணை நிற்பது எவ்வாறு என்பது பற்றியும் றொஜர்ஸ் 1946இலே ஒருவரோடு இணைந்து எழுதியுள்ளார்.

இலங்கையிலே, உயிர்மாய்க்கத் துணிந்தோருக்குச் செவிசாய்க்கும் தொண்டர் நிறுவனமான சுமித்திரயோ 1974இலே தோன்றியது. வடக்கிலே போர் மூண்டபின், உளமருத்துவ அறிஞர் தயா சோமசுந்தரம், சா. சிவயோகன் முதலியோர் இத்துறையிலே பெரும்பணி ஆற்றினர். அவ்விருவரும் பதிப்பித்த, தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம் பற்றிய கைந்நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த நாட்டிலே, ஆசிரியர்களையும் கிராமத் தொண்டர்களையும் பயிற்றுவதே வழியாயிற்று.

வன்னிக்கு வந்த துன்பங்களோ ஒன்றல்ல. 1995இலே யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோரில் பெருந்தொகையினர் இங்கே வந்தனர். 2004ஆம் ஆண்டு மார்கழியிலே முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அழித்தது. 2009 மே மாதத்திலே முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியாவின் செட்டிகுளப் பகுதி முகாம்களிலே தறப்பாளின் கீழ் இருந்தனர். அம்முகாம்களில் இறுதியானது 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. துணை நிற்க வேண்டியவர்களிற் பலரும் அதே இழப்புகளைச் சுமந்தவர்களாகவே இருந்தனர்.

இத்தகைய இடத்தில் ஆலோசனை எங்கே தோற்றுப்போகிறது என்பதற்குக் காணாமற்போனோரின் குடும்பங்களே சான்று. கணவனைக் காணாத பெண்ணிடம், அந்தியேட்டியைச் செய்துவிடு என்பார் உறவினர். சாதகத்திலே உயிர் உண்டு என்பார் சோதிடர். பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. இறப்புச் சான்றிதழைப் பெறுவது, கணவனைத் தானே கொன்றதற்கு ஒப்பாகுமோ என்னும் அச்சம் அவளை வாட்டும். இறந்ததாகக் கொள்ளாமல், காணப்படாமைக்கெனத் தனிச் சான்றிதழ் வழங்கச் சட்டம் வந்ததே 2016இலேதான். அவன் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ சொல்ல எந்த உளவளத்துணையாளருக்கும் அறிவில்லை; உரிமையுமில்லை. நம்பிக்கையும் துக்கமும் ஒரே நெஞ்சில் ஒருங்கே இருக்கலாம் என்பதை ஏற்று, அவள் தன் முடிவைத் தன் காலத்திலே எடுக்கும்வரை உடனிருப்பதே அவரால் இயல்வது. றொஜர்ஸின் முறைக்கு இதனினும் கடிய சோதனை வேறில்லை.

ஆயினும் அம்முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. தனியறையிலே இருவர் அமர்ந்து பேசும் வழக்கம் வேறொரு சமுதாயத்துக்கு உரியது. முகாமிலே தனியறை ஏது? எம்மவர் துயரை நெஞ்செரிவாகவும் பெருமூச்சாகவும் உடலின் மொழியிலேயே பெரிதும் உரைப்பர். போர் தனியொருவரின் உள்ளத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஊராரிடையே நிலவிய நம்பிக்கையையும் சேர்த்தே சிதைத்தது என்பது சோமசுந்தரத்தின் ஆய்வுமுடிபு. ஆதலின் மருந்தும் கூட்டாகவே அமையவேண்டும் என்றார் அவர். ஒப்பாரியும், நினைவுச் சடங்கும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும், பெண்கள் கூடியிருந்து பேசும் குழுக்களும் இங்கே துணையாகின்றன. கணவனை இழந்து நீதி கேட்ட பெண்ணைத் தெய்வமாக வணங்கும் நாடு அன்றோ இது!

நீதி கேட்டல் என்பதும் நினைக்கத் தக்கது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே காணாமற்போனோரின் உறவினர் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கேட்டது ஆறுதலன்று, உண்மை. செவிமடுத்தல் உண்மைக்கு ஈடாகாது. வயலுக்கும் வருவாய்க்கும் ஈடாகாது. இந்த எல்லையை அறிந்திருப்பதும் துணையாளரின் நேர்மையிலே ஒரு பகுதியாகும்.

உளவளத்துணைக்கு 'ஆற்றுப்படுத்தல்' என்று மற்றொரு பெயரும் ஈழத்திலே வழங்குகிறது. சங்கப் புலவர் பாடிய ஆற்றுப்படையிலே, வள்ளலைக் கண்டு மீளும் கலைஞன் எதிர்வரும் வறியவனுக்குத் தான் நடந்த வழியைக் காட்டுவான். வறுமையின் சுவையை அவனும் அறிந்தவன்; எனினும் மற்றவனுக்காக அவன் நடப்பதில்லை. வன்னியிலே முகாமிலிருந்து மீண்டபின் அயலவரின் துயருக்குச் செவிசாய்க்கும் ஆசிரியையும் கிராமத் தொண்டரும் அவ்வழியினரே எனலாம்.