ஐரோப்பியத் தொழிலாளர் மன்றம்

பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் தொழிலாளர் பிரதிநிதிகள் ஒன்றாக அமர்ந்து, தலைமை நிர்வாகத்திடம் தகவல் பெறவும் கருத்துச் சொல்லவும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வகுத்த அமைப்பு.

இதன் முன்னோடி ஜெர்மனியின் ஆலை மன்றங்கள். 1920இல் சட்டமாகி, நாஜி ஆட்சியில் ஒழிக்கப்பட்டு, போருக்குப் பின் மீண்டும் உயிர்பெற்று, 1952இல் மேற்கு ஜெர்மனியில் சட்டமாயின. ஆனால் நிர்வாகத்திடம் தகவல் பெறும் இத்தகைய உரிமைகள் நாட்டின் எல்லையோடு நின்றன. ஆலையை மூடும் முடிவை வேறு நாட்டுத் தலைமையகம் எடுத்துவிட்டால், உள்ளூர்த் தொழிலாளர் யாரிடம் போய்க் கேட்பது? 1980இல் ஐரோப்பிய ஆணையர் ஹெங்க் ஃபிரெடலிங் இதற்கொரு வரைவு கொண்டுவந்தார். முதலாளிகளின் கடும் எதிர்ப்பில் அது கிடப்பில் போனது. சில பிரெஞ்சு நிறுவனங்கள் மட்டும் 1980களில் தாமாகவே மன்றம் அமைத்தன.

சட்டம் வந்தது 1994 செப்டம்பரில். உறுப்பு நாடுகளில் மொத்தம் 1,000 பேரும், குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேரும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். மன்றம் தானாக அமையாது. இரு நாடுகளிலிருந்து குறைந்தது 100 தொழிலாளரோ அவர்களின் பிரதிநிதிகளோ எழுத்தில் கேட்டாலோ, நிர்வாகமே முன்வந்தாலோதான் பேச்சுவார்த்தை தொடங்கும்.

புதிய உரிமையின் வலிமை விரைவிலேயே சோதிக்கப்பட்டது. 1997 பிப்ரவரி 27 அன்று, பெல்ஜியத்தின் ஃபில்வோர்டே ஆலையை மூடப்போவதாக பிரெஞ்சு கார் நிறுவனமான ரெனால்ட் அறிவித்தது. அங்கே சுமார் 3,100 பேர் வேலை செய்தனர். ரெனால்டில் மன்றம் இருந்தது. அதனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றி, தயாராகி நின்ற கார்களை வெளியே விடாமல் மறித்தனர். பிரான்ஸ், ஸ்பெயின் ஆலைகளிலும் அவர்களுக்காக வேலைநிறுத்தம் நடந்தது. எல்லை தாண்டிய அந்தத் தோழமைதான் இந்த வரலாற்றின் பெருமைக்குரிய பகுதி. மன்றத்தைக் கலந்தாலோசிக்காதது தவறு என்று மே மாதம் பிரான்சின் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் ஆலை மூடப்பட்டது.

2009இல் திருத்திய சட்டம், முடிவெடுக்கும் முன் கருத்துச் சொல்ல அவகாசம் கிடைக்கும்படி தகவலை உரிய நேரத்தில் தர வேண்டும் என்றது. தண்டனையை அந்தந்த நாட்டின் பொறுப்பில் விட்டது. நிர்வாகத்தின் முடிவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அதுவும் மன்றத்துக்குத் தரவில்லை. வேலையை இழக்கப்போகிறவருக்கு இந்த உரிமை போதாது.