அலுமாரிக்குள் கிடக்கும் கமரா: அதிலுள்ள படங்களை வீட்டுக் கணினிக்குப் பத்திரமாகக் கொண்டுவருவது எப்படி?

2002 பெப்ரவரி 22 ஆம் திகதி யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 1990 இலும் 1991 இலும் வேலணையையும் ஊர்காவற்றுறையையும் புங்குடுதீவையும் விட்டு வெளியேறி, பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போன பலர் அந்த நாட்களில்தான் முதன்முறையாக ஊர் திரும்பினார்கள். வந்தவர்களின் கையில் டிஜிற்றல் கமரா இருந்தது. கலியாணவீடு, சாமத்தியவீடு, நயினாதீவு அம்மன் தேர், வெள்ளைக் கூரை வேய்ந்த பழைய வீடு, முற்றத்தில் வரிசையாக நின்ற மச்சான் மச்சாள்மார் என்று படங்கள் எடுத்தார்கள். திரும்பிப் போகும்போது சிலர் அந்தக் கமராவையே அன்பளிப்பாக விட்டுச் சென்றார்கள்.

2006 ஆகஸ்ட் 11 ஆம் திகதி பாதை மூடப்பட்டது. அதன் பிறகு நடந்தவற்றை இங்கே எழுதத் தேவையில்லை. அந்தப் படங்களில் நின்றவர்களில் எல்லோரும் இன்று இல்லை. ஆனால் கமரா இன்னும் அலுமாரியில், சேலை மடிப்புக்குள்ளோ பிஸ்கற் பேணிக்குள்ளோ கிடக்கிறது. பற்றரி இறந்துவிட்டது, வயரைக் காணவில்லை, “பழுதாப் போச்சு” என்று ஒதுக்கிவிட்டோம்.

பெரும்பாலான வீடுகளில் பழுதானது கமராதான்; படங்கள் அல்ல. அவற்றை வெளியே எடுக்கும் முறையையும், எடுக்கும்போது செய்யக்கூடாதவற்றையும் இந்தக் கட்டுரை ஒழுங்காகச் சொல்கிறது.

கமராவைத் தொட முன்னர்

படங்கள் இருப்பது கமராவுக்குள் செருகியிருக்கும் மெமரி கார்ட்டில். ஆகவே கமரா இயங்காவிட்டாலும் பரவாயில்லை. பற்றரி மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கார்ட்டும் அங்கேதான் இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் தனி மூடி இருக்கும். சாதாரண பென்ரோச் பற்றரி போடும் கமராவாக இருந்தால், பற்றரி கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள், தண்ணீர் வேண்டாம். சார்ஜ் பண்ணும் தட்டைப் பற்றரி ஊதியிருந்தால் அதை மீண்டும் சார்ஜ் பண்ணவே கூடாது.

கார்ட்டை விரலால் ஒருமுறை உள்ளே அழுத்தினால் அது வெளியே தள்ளப்படும். முத்திரை அளவில், ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தால் அது எஸ்.டி. கார்ட். இன்றைய கார்ட் ரீடர் எதிலும் அது வேலை செய்யும். ஒலிம்பஸ், பியூஜி கமராக்களில் அந்தக் காலத்தில் எக்ஸ்.டி. என்ற சிறிய கார்ட்டும், சோனி கமராக்களில் நீளமான மெமரி ஸ்ரிக்கும் பாவிக்கப்பட்டன. இவை இரண்டுக்கும் பல துளைகள் உள்ள பழைய வகைக் கார்ட் ரீடர் வேண்டும். எந்தக் கார்ட்டையும் பொருந்தாத துளையில் அழுத்தித் திணிக்க வேண்டாம்.

எஸ்.டி. கார்ட்டின் இடப்பக்கத்தில் ஒரு சிறிய பூட்டு இருக்கும். அதைக் கீழ்நோக்கித் தள்ளிவிட்டே கணினியில் செருகுங்கள். பூட்டிய கார்ட்டிலிருந்து படங்களைப் படிக்கலாம், தவறுதலாக எதையும் அழிக்க முடியாது. இது ஒரு செக்கன் வேலைதான், ஆனால் பல வருடப் படங்களைக் காப்பாற்றக்கூடியது.

இன்னொன்று. பல கமராக்களில் கார்ட் இல்லாத நேரத்திலும் சில படங்கள் பிடிக்கும் அளவுக்கு உள் நினைவகம் இருந்தது. கார்ட் போடாமல் எடுத்த படங்கள் அங்கேயே தங்கியிருக்கும். கமரா இயங்குமானால் கார்ட்டைக் கழற்றிவிட்டு, படம் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கணினிக்கு மாற்றும் படிகள்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கார்ட் ரீடர், மற்றது கமராவின் யூ.எஸ்.பி. வயர். கார்ட் ரீடரே நல்லது; கமராவின் பற்றரி இடையில் இறந்து வேலை கெடும் பயம் இல்லை. கார்ட் ரீடர் கிடைக்காவிட்டால் மட்டும் வயரைப் பாவியுங்கள். அப்போது பற்றரியை முழுமையாகச் சார்ஜ் பண்ணி, கமராவைப் படம் பார்க்கும் நிலைக்கு மாற்றிவிட்டு இணையுங்கள்.

1. முதலில் கணினியில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். ஒரு கார்ட்டுக்கு ஒரு போல்டர்.

2. கார்ட்டைத் திறந்ததும் டி.சி.ஐ.எம். என்ற போல்டர் தெரியும். எந்தக் கம்பனியின் கமராவாக இருந்தாலும் படங்கள் அதற்குள்தான் இருக்கும். சில கமராக்கள் வீடியோக்களை வேறு போல்டரில் வைப்பதால் கார்ட்டிலுள்ள எல்லாவற்றையுமே எடுத்துவிடுவது நல்லது.

3. “கட்” வேண்டாம், “கொப்பி” மட்டும் செய்யுங்கள். கட் செய்யும்போது இடையில் தடை வந்தால், அங்கும் இங்குமாகப் படங்கள் சிதறிப் போகலாம்.

4. கொப்பி முடிந்ததும் கார்ட்டின் போல்டரையும் கணினியின் போல்டரையும் தனித்தனியாக வலது சொடுக்கி, “புரொப்பற்றீஸ்” பாருங்கள். இரண்டு பக்கமும் படங்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. முதல் படம், கடைசிப் படம், நடுவில் சில படங்கள் என்று பெரிதாகத் திறந்து பாருங்கள். சிறிய உருவம் தெரிவது மட்டும் போதாது.

6. கார்ட்டை உடனே பிடுங்காமல், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு எடுங்கள்.

நான்காவது, ஐந்தாவது படிகளை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊடகக் கற்கை படித்த காலத்தில் குறிகட்டுவான் துறையிலும் நெடுந்தீவுப் படகிலும் எடுத்த படங்களைக் கொப்பி செய்துகொண்டிருந்தபோது கரண்ட் நின்றது. மீண்டும் வந்ததும் போல்டரில் படங்கள் வரிசையாகத் தெரிந்தன. சரி என்று நினைத்துக் கார்ட்டைப் போர்மட் செய்துவிட்டேன். பிறகு திறந்தால் சில படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம் மட்டும். மீதி வரவேயில்லை. அந்தப் படகில் என்னோடு பேசிக்கொண்டு வந்த முதியவரை மீண்டும் படம் எடுக்க எனக்கு வாய்க்கவில்லை.

நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. இந்த மூன்று தீவுகளுக்குமான சூரிய, காற்றாலைக் கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆகவே இங்கே இந்த வேலைக்கு லப்டொப்தான் பாதுகாப்பு. மேசைக் கணினி என்றால் யூ.பி.எஸ். இருக்க வேண்டும்.

“போர்மட் செய்யவா?” என்று கணினி கேட்டால்

பழைய கார்ட்டைச் செருகியதும், பாவிக்க முன்னர் இதைப் போர்மட் செய்ய வேண்டும் என்று கணினி சொல்லக்கூடும். வேண்டாம் என்று அழுத்துங்கள். கார்ட்டின் அட்டவணை சிதைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கம் கிழிந்தாலும் அத்தியாயங்கள் இருப்பது போல, படங்கள் உள்ளே இருக்க வாய்ப்புண்டு.

தவறுதலாக அழித்த படங்களும் அப்படித்தான். அந்த இடத்தில் புதிய படம் எழுதப்படும் வரை பழையது முற்றாகப் போவதில்லை. எனவே அந்தக் கார்ட்டில் ஒரு படம்கூட எடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இத்தகைய படங்களை மீட்டெடுக்கும். மீட்பவற்றைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்ட்டில் அல்ல. படங்களின் பழைய பெயர்கள் போய்விடும், ஆனால் எடுத்த திகதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும்.

பெயர் வைப்பது

கமரா வைக்கும் பெயர்கள் இலக்கங்கள் மட்டுமே. 9999 வரை போய் மீண்டும் 0001 இல் தொடங்கும். இரண்டு கார்ட்டுகளின் படங்களை ஒரே போல்டரில் போட்டால், ஒரே பெயருள்ள படத்தை மாற்றவா என்று கணினி கேட்கும். ஆம் என்றால் முதற்படம் போய்விடும். தனித்தனிப் போல்டர் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

போல்டர் பெயரில் ஆண்டை முன்னால் வையுங்கள்: “2004-06 நயினாதீவுத் தேர்” என்பது போல. தமிழிலேயே எழுதலாம். ஆண்டு முன்னால் இருந்தால் எல்லாம் காலவரிசையில் நிற்கும். ஆனால் கமரா சொல்லும் திகதியை அப்படியே நம்ப வேண்டாம். பற்றரி முற்றாக இறந்த கமரா, திகதியைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். எந்த வருடம், யாருடைய கலியாணம், ஓரத்தில் நிற்பது யார் என்பதெல்லாம் அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும்தான் தெரியும். அவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேட்டு, அதே போல்டரில் ஒரு சிறிய குறிப்பாக எழுதி வையுங்கள்.

அச்சுப் படங்களை என்ன செய்வது?

இதைவிடப் பழைய இழப்புகளுக்குக் கார்ட் கிடையாது. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கும், 1990 ஆகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கிய நாட்களில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பகுதிகளில் காணாமல் போனவர்களுக்கும் இருப்பது அச்சுப் படம் மட்டுமே. சில குடும்பங்களிடம் அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. இடப்பெயர்வு இடப்பெயர்வாக அதைக் கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

இந்தப் படங்களைக் கமராவாலேயே படம் எடுத்துக் கணினியில் சேர்க்கலாம். பகல் வெளிச்சம் வரும் ஜன்னலோரத்தில், வெயில் நேரே படாத இடத்தில் படத்தைத் தட்டையாக வையுங்கள். பிளாஷை நிறுத்துங்கள். கமரா படத்துக்கு நேர் மேலே, சரிவில்லாமல் இருக்க வேண்டும். பாஸ்போட் அளவுப் படம் என்றால் பூ அடையாளமுள்ள அண்மைப் படமுறையைப் பாவியுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்ரூடியோ முத்திரை, திகதி, கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். ஸ்கானர் இருந்தால் 600 டி.பி.ஐ. அளவில் வையுங்கள்.

சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி விம்பம் தெரியாதபடி திருப்பி, அப்படியே படம் எடுங்கள். முதலில் பிரதி, பிறகுதான் திருத்தம். 2011 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஜப்பானில் தொண்டர்கள் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைக் கழுவி, உலர்த்தி, டிஜிற்றல் பிரதி எடுத்து உரியவர்களிடம் சேர்ப்பித்தார்கள். அவர்களும் மீட்டது பெரும்பாலும் சாதாரண வீட்டுப் படங்களைத்தான்.

மூன்று பிரதிகள், ஒன்று தீவுக்கு வெளியே

கணினிக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கணினியின் ஹாட் டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும். கடற்காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் பென் ட்ரைவ், சீடி எதையும் தனியே நம்ப முடியாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது படப்பிடிப்பாளர்கள் பின்பற்றும் விதி.

நமக்கு அது இப்படி அமையும்: ஒன்று கணினியில், ஒன்று வெளிப்புற ஹாட் டிஸ்க்கில், ஒன்று யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினரிடம். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு படம் 4 எம்.பி. என்றால் ஆயிரம் படங்களுக்கு 4 ஜி.பி. போதும். கூகிள் தரும் 15 ஜி.பி. இலவச இடத்திலேயே அடங்கிவிடும்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தைப் பிரதியாகக் கணக்கெடுக்க வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த திகதியும் போய்விடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் “டொக்கியுமென்ட்” ஆக அனுப்புங்கள்.

கடையில் கொடுப்பதானால் கவனம்

வீட்டில் கணினி இல்லாதவர்கள் ஸ்ரூடியோவிலோ தொலைத்தொடர்பு நிலையத்திலோ கொடுப்பார்கள். உங்கள் சொந்தப் பென் ட்ரைவைக் கொண்டுபோங்கள். கார்ட்டை விட்டுவிட்டு வராமல் பக்கத்தில் நின்று செய்வியுங்கள். முடிந்ததும் கடைக் கணினியில் தங்கிய பிரதியை அழிக்கச் சொல்லுங்கள். பயத்தில் அல்பங்களை மண்ணுக்குள் புதைத்தவர்களும் எரித்தவர்களும் நம்மிடையே உண்டு. எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. வேறொருவரின் பிள்ளை நிற்கும் படத்தை முகநூலில் போட முன்னர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பொதுவில் வைக்க விரும்பும் ஊர்ப் படங்கள், கோயில், பாடசாலைப் படங்கள் இருந்தால் நூலக நிறுவனத்தை நாடலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் டிஜிற்றலாக்கிப் பாதுகாக்கும் அமைப்பு அது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் எத்தனையோ அரிய ஏடுகளுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. பிரதி இல்லாமையின் விலையை நாம் அப்போதே கொடுத்துவிட்டோம்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில், தாய்மார் வெயிலிலும் மழையிலும் கையில் பிடித்திருந்தது பிள்ளையின் படத்தைத்தான். எந்த விசாரணைக்குப் போனாலும் முதலில் நீட்டுவதும் அதைத்தான். அது வெளிறிப் போக முன்னர், கார்ட் காணாமல் போக முன்னர், இந்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். கணினியில் ஏற்றி, சரிபார்த்து, இன்னொருவரிடம் ஒரு பிரதி கொடுத்த பின்னரும் அந்தக் கார்ட்டை அழிக்க வேண்டாம். ஒரு கடித உறையில் போட்டு, மேலே பெயரும் ஆண்டும் எழுதி, திரும்ப அதே இடத்தில் வையுங்கள்.