சாம்பல் நிற வண்டிகள்

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்துக்குப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருப்பார்கள். நயாகரா பார்த்தாயிற்று, பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதியைச் சேவித்தாயிற்று. எஞ்சிய ஒரு சனிக்கிழமைக்கு, கரண்ட் இல்லாமல் வாழும் மனிதர்கள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். நண்பர்கள் நால்வராகிய நாங்களும் அவ்வாறே போனோம். பெற்றோர் உடன் வரவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அக்டோபர் மாதம். சோளக்கொல்லைகள் பாதி அறுவடையாகி நின்றன. மரக் கொட்டகைகளின் பக்கவாட்டுப் பலகைகள் திறந்திருக்க, உள்ளே புகையிலை தலைகீழாகத் தொங்கி உலர்ந்துகொண்டிருந்தது. உலக இன்பங்களைத் துறந்தவர்கள் என்று கேள்விப்பட்டுப் போகிறவனுக்கு இந்தப் புகையிலைதான் முதல் அதிர்ச்சி. சாலையின் ஓரப்பகுதியில் சாம்பல் நிறக் கூண்டு வைத்த குதிரை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் இறங்கிய சிற்றூரின் பெயர் இன்டர்கோர்ஸ். முன்பு கிராஸ் கீஸ் என்றிருந்ததை 1814-ல் இப்படி மாற்றினார்கள். மனிதர் ஒருவரோடொருவர் கலந்து பழகுதல் என்பதே அன்று அச்சொல்லுக்குப் பரவலாக இருந்த பொருள். இன்று அப்பெயர் அச்சிட்ட பனியன்கள் கடைதோறும் தொங்குகின்றன. உலகத்தோடு கலவாமல் வாழ முயலும் ஒரு கூட்டத்தின் நடுவே இப்படியொரு பெயர் அமைந்ததை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்திருக்கத் துணியமாட்டான்.

அவ்வூர்க் கடை ஒன்றின் வாசலில்தான் அது நடந்தது. வண்டியிலிருந்து ஒரு பெண்ணும் மூன்று குழந்தைகளும் இறங்கினார்கள். வெள்ளைத் தலைமூடி, கறுப்பு மேலாடை, வெறுங்கால் குழந்தைகள். எங்களில் ஒருவர் கேமராவை உயர்த்தினார். அந்தப் பெண் கோபப்படவில்லை, கையை நீட்டித் தடுக்கவும் இல்லை. குழந்தைகளைத் தன் மறுபுறத்துக்கு மாற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ முறை செய்து பழகிய அசைவு அது என்பது எங்களுக்கு உடனே விளங்கியது. யாதொரு விக்கிரகத்தையும் உண்டாக்கலாகாது என்ற விவிலியக் கட்டளையையும், தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்ளும் அகந்தை கூடாதென்பதையும் படத்துக்கு நிற்காமைக்குக் காரணமாக ஆமிஷ் மக்கள் சொல்வார்கள். அவர்களது வரலாற்றைப் படித்த பின்பு எங்களுக்கு இன்னொரு காரணமும் தோன்றியது. அந்நியர் கண்ணில் படுவது அவர்களுக்கு நெடுங்காலம் உயிராபத்தாக இருந்திருக்கிறது.

1525 ஜனவரி 21 இரவு, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் ஒரு வீட்டில் சிலர் கூடி, வயது வந்தவர்களாகத் தங்கள் விருப்பத்தோடு ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கத்தை எதிர்த்து நின்ற சுவிங்ளியின் மாணாக்கர்களே இவர்கள்; ஆசிரியர் நின்ற இடத்தைத் தாண்டிப் போனவர்கள். பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்பது இன்று கேட்க இறையியல் நுணுக்கமாகத் தோன்றலாம். அன்றைக்கு அது அரசின் அடித்தளத்தையே அசைப்பதாக இருந்தது. பிறப்பாலேயே ஒருவன் திருச்சபைக்கும் அரசுக்கும் ஒருசேரக் குடியாகிறான் என்ற ஏற்பாட்டை அவர்கள் மறுத்தார்கள். வாள் ஏந்தவும் சத்தியப்பிரமாணம் செய்யவும் மறுத்தார்கள். ஆகவே கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் ஒருமித்து அவர்களை வேட்டையாடினர். எந்த வீட்டில் அந்த ஞானஸ்நானம் நடந்ததோ அவ்வீட்டைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மறுபடி முழுக்குப் போட்டவனுக்கு மூன்றாவது முழுக்கு என்பது அத்தண்டனையில் இருந்த குரூரமான கேலி. பெர்ன் ஆட்சியாளர்கள் இவர்களைப் பிடிப்பதற்கென்றே வேட்டைக்காரர்களை நியமித்தார்கள். வழிபாடு காடுகளுக்கும் குகைகளுக்கும் நகர்ந்தது. இன்றும் ஆமிஷ் மக்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கோவில் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். வீடுவீடாகப் பெஞ்சுகளை ஏற்றிச் செல்ல ஒரு வண்டி இருக்கிறது. ஒளிந்து தொழுத காலத்தின் தொடர்ச்சியாகவே இதைக் கொள்ளலாம்.

அவ்வழிபாட்டில் பாடும் 'ஆஸ்பண்ட்' என்னும் பாடல் நூல் 1564-ல் முதலில் அச்சானது. அதன் மூலப் பகுதியை எழுதியவர்கள் பாசாவ் கோட்டையின் நிலவறையில் 1535 முதல் 1540 வரை அடைபட்டிருந்த கைதிகள். நூலில் இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. மெட்டுகள் வாய்வழியாகவே வருகின்றன. ஒவ்வொரு வழிபாட்டிலும் இரண்டாவதாகப் பாடப்படும் துதிப்பாடல் ஒன்றை முடிக்க இருபது நிமிடங்கள்கூட ஆகும்.

இந்தக் கூட்டத்தாரிடையே 1693-ல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர் ஒரு பிளவை உண்டாக்கினார். சபை நெறியை மீறியவரைப் பந்தியிலும் பழக்கத்திலும் கண்டிப்பாக விலக்கி வைக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பெயரால்தான் ஆமிஷ். 1712-ல் பதினான்காம் லூயி இவர்களை அல்சாஸிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார். சமயப் பொறைக்குப் பேர்போன வில்லியம் பென்னின் குடியேற்ற நாட்டுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1737-ல் 'சார்மிங் நான்சி' என்ற கப்பலில் ஆமிஷ் குடும்பங்கள் கணிசமான எண்ணிக்கையில் பிலடெல்பியாவில் வந்து இறங்கின. ஐரோப்பாவில் எஞ்சியவர்கள் மெல்லமெல்லக் கரைந்து, கடைசி ஆமிஷ் சபையும் 1937-ல் ஜெர்மனியில் மெனோனைட்டுகளோடு இணைந்துவிட்டது. சரியாக இருநூறு ஆண்டுகள்.

ஆமிஷ் வீடுகளில் விவிலியத்துக்கு அருகில் இருக்கும் பெருநூல் 'இரத்தசாட்சிகளின் கண்ணாடி'. டச்சு மொழியில் 1660-ல் வெளியானது. 1685-ல் வந்த பதிப்பில் யான் லூய்கன் 104 செதுக்கோவியங்களைச் சேர்த்தார். அவற்றுள் ஒன்றை லான்காஸ்டரில் பலமுறை பார்த்தோம். உறைந்த நீர்ப்பரப்பில் ஒருவன் உடைந்த பனிக்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் கரையோரம் குனிந்து இரு கைகளையும் நீட்டுகிறான். கை நீட்டுபவர் டிர்க் வில்லெம்ஸ். ஹாலந்தின் ஆஸ்பரன் என்ற ஊரில் சிறையிலிருந்து தப்பி, மெல்லிய பனியின் மீது ஓடி மறுகரை சேர்ந்துவிட்டார். சிறையுணவால் மெலிந்த உடலைத் தாங்கிய பனி, துரத்தி வந்த காவலனைத் தாங்கவில்லை. திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். கரையேறியவன் விட்டுவிடவே விரும்பினான் என்றும், கரையில் நின்ற அதிகாரி கடமையை நினைவூட்டியதால் பிடித்துக்கொடுத்தான் என்றும் நூல் சொல்கிறது. 1569 மே 16-ல் வில்லெம்ஸை எரித்தார்கள். காற்று பலமாக வீசித் தீயை மேலுடம்பிலிருந்து விலக்கியதால் சாவு வெகுநேரம் நீண்டது.

இந்நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை இன்டர்கோர்ஸுக்கு வடக்கே எஃப்ராட்டா என்ற ஊரின் துறவியர் 1748-49-ல் அச்சிட்டனர். பதினைந்து பேர் மூன்றாண்டுகள் உழைத்த வேலை. குடியேற்றக் கால அமெரிக்காவில் அச்சான நூல்களில் இதுவே மிகப் பெரியது. எல்லையில் போர் நெருங்குகையில் தங்கள் பிள்ளைகள் ஆயுதம் எடுக்காதிருக்க இது துணைசெய்யும் என்பதே மெனோனைட் பெரியவர்கள் இதை அச்சிடக் கேட்ட காரணம். புரட்சிப் போரின்போது விற்காமல் கிடந்த தாள்களை விடுதலைப் படை எடுத்துச் சென்று துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மடித்துப் பயன்படுத்தியது. எஃப்ராட்டா மடம் இன்று அருங்காட்சியகம். இச்செய்தியை அறிந்த பிறகு அங்கே நிற்பது சற்றுக் கடினமாக இருந்தது.

ஆயினும் அந்நூல் வீண்போகவில்லை. 1757-ல் பூர்வகுடியினர் சிலர் யாக்கோப் ஹொக்ஸ்டெட்லரின் வீட்டைத் தாக்கியபோது, வேட்டைத் துப்பாக்கியைக் கையில் எடுத்த மகன்களை அவர் தடுத்துவிட்டார். மனைவியும் ஒரு மகனும் மகளும் கொல்லப்பட்டனர். இன்றைய ஆமிஷ் மக்களில் மிகப் பலர் அவர் வழிவந்தவர்கள்.

இத்தனை காலம் கண்ணில் படாமலிருந்தவர்களை நாடு கண்டெடுத்ததற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூட வழக்கு. 1937-ல் லான்காஸ்டரின் கிழக்கு லாம்பீட்டர் பகுதியில் ஓரறைப் பள்ளிகளை மூடி, ஒரே பெரிய பள்ளி கட்ட முனைந்தார்கள். நடந்துபோகும் தூரத்தில் உள்ள பள்ளி போதும், எட்டாம் வகுப்புக்கு மேல் வேண்டாம் என்றார்கள் ஆமிஷ் மக்கள். நியூ யார்க் பத்திரிகைகள் வந்து எழுதின. எழுத்தைத் தொடர்ந்து கார்கள் வந்தன. பள்ளிப் பிணக்கு மாநிலம் மாநிலமாக நீண்டு, 1972-ல் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் உரிமை பேசப்பட்டதே தவிர, படிக்க விரும்பும் பிள்ளையின் குரலைக் கேட்டோமா என்று நீதிபதி டக்ளஸ் மட்டும் தனித்து வினவினார். அந்தக் கேள்வி எங்களுக்கும் உறுத்தவே செய்கிறது. இலக்கியம் படிக்கிற எவரும் இவ்விடத்தில் ஆமிஷ் பக்கம் முழுமனதோடு நின்றுவிட முடியாது. சபையில் சேர்ந்தபின் விலகும் மகனோடு ஒரே மேசையில் தாய் சாப்பிடமாட்டாள் என்பதும் அழகான செய்தியன்று.

கட்டணம் கொடுத்தால் குதிரை வண்டியில் சுற்றிக் காட்டுகிறார்கள். எங்களை ஏற்றிச் சென்றவர் ஐம்பதைக் கடந்தவர், மீசையில்லாத தாடி. ஐரோப்பாவில் மீசை படைவீரர்களின் அடையாளமாக இருந்ததால் மீசை வைப்பதில்லை என்பார்கள். எங்கள் கேள்விகள் எல்லாம் ஒரே வகை. கரண்ட் ஏன் இல்லை, கார் ஏன் இல்லை, போன் ஏன் வயலோரத்துப் பெட்டியில் இருக்கிறது? பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வாடகைக் காரில் ஏறலாம், சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. பட்டறை இயந்திரங்களை அமுக்கிய காற்றால் ஓட்டலாம், ஊர்க் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது. காலால் உந்தும் ஸ்கூட்டர் சரி, சைக்கிள் கூடாது. சைக்கிள் வெகுதூரம் கொண்டுபோய்விடும். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் உங்கள் அப்பா வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்?"

எண்ணாயிரம் மைலுக்கு மேல் என்றோம். அவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தோம். கடிவாளத்தை லேசாகச் சுண்டினார், குதிரை நடந்தது. ஒரு பொருளை ஏற்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்கையில், அது ஒருவரையொருவர் விட்டு எவ்வளவு தூரம் விலக்கும் என்பதே அளவுகோல் என்று நூல்களில் படித்திருந்தோம். அது எங்களைப் பற்றிய கேள்வியாகும் என்று நினைக்கவில்லை.

இவ்வட்டாரத்தில் ஆமிஷ் வாழ்க்கை காட்சிப்பொருளானது 1955-ல் உறுதியாயிற்று. அவ்வாண்டு இவர்களைப் பற்றிய 'ப்ளெய்ன் அண்ட் ஃபேன்சி' என்னும் இசைநாடகம் பிராட்வேயில் அரங்கேறியது; ஒரு பண்ணை வீடும் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. 1985-ல் பீட்டர் வீயரின் 'விட்னஸ்' படம் வந்தது. ஆமிஷ் பெரியவர்கள் மாநில அரசிடம் முறையிட்டு, இனி ஆமிஷ் வாழ்க்கையைத் திரைப்படப் பொருளாக முன்னிறுத்துவதில்லை என்ற உறுதியைப் பெற்றார்கள். மறுபுறம், பயணிகளின் பணம் அவர்களுக்கும் வருகிறது. நிலத்தின் விலை ஏற, தச்சுப் பட்டறையும் ஊறுகாய்ச் சீசாவும் ஒட்டுத்துணிப் போர்வையும் விவசாயத்துக்குத் துணையாகின. அப்போர்வைகளில் பல, வியட்நாம் போருக்குப்பின் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் பெண்கள் தைத்தவை. 1900-ல் சில ஆயிரம் பேராக இருந்த ஆமிஷ் மக்கள் இன்று வட அமெரிக்காவில் 4 லட்சத்தை எட்டியிருக்கிறார்கள். அழியும் இனத்தைக் கடைசியாகப் பார்க்க வருபவர்கள் போல நாம் கூடுகிறோம். அவர்களோ இருபது ஆண்டுகளுக்கொருமுறை இரட்டிப்பாகிறார்கள்.

2006 அக்டோபர் 2-ஆம் நாள், இன்டர்கோர்ஸுக்குத் தெற்கே நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், அவர்கள் போராடிப் பெற்ற ஓரறைப் பள்ளிகளில் ஒன்றினுள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஆமிஷ் அல்லன், அக்கம்பக்கத்தில் பால் வண்டி ஓட்டியவன். பையன்களை வெளியே அனுப்பிவிட்டுப் பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐவர் இறந்தனர், ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை. பின் தன்னையும் சுட்டுக்கொண்டான். சில மணி நேரத்துக்குள் ஆமிஷ் பெரியவர்கள் அவனுடைய மனைவி வீட்டுக்குப் போய், அவர்கள்மேல் தங்களுக்குப் பகையில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவனை அடக்கம் செய்தபோது வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ் மக்கள். இதைக் கண்டு உலகப் பத்திரிகைகள் திகைத்தன. டிர்க் வில்லெம்ஸின் படத்தைக் காட்டி வளர்க்கப்பட்டவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்காது என்பது எங்கள் எண்ணம். அது அவர்களுக்கு எளிதாக இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை.

சவ ஊர்வலங்களின்போது சாலைகளை அடைத்து, செய்தி ஹெலிகாப்டர்கள் வராதபடி வான்வெளிக்கும் தடை போட்டார்கள். பத்தே நாளில், அக்டோபர் 12 விடியுமுன், அந்தப் பள்ளியை இடித்து நிலத்தைப் புல்தரையாக்கிவிட்டார்கள். நினைவுச்சின்னம் எழுப்பினால் கூட்டம் வரும். சற்றுத் தள்ளி வேறொரு பள்ளி 2007 ஏப்ரலில் திறந்தது.

திரும்பும் வழியில் அந்தப் பக்கமாகத்தான் வந்தோம். அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, காரும் நிற்கவில்லை. இருபுறமும் புல்வெளிகள் வந்துகொண்டிருந்தன. எந்தப் பலகையும் இல்லாததால் அவற்றுள் எது அது என்று எங்களுக்குத் தெரியவில்லை. முன்னே ஒரு சாம்பல் நிற வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்துச் சிறு கண்ணாடி வழியாக இரண்டு குழந்தைகள் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். முந்திச் செல்ல இடமிருந்தும், வண்டி ஒரு பண்ணைப் பாதையில் திரும்பும்வரை அதன் பின்னாலேயே மெல்லப் போனோம்.