ஹாஃப்லிங் பாணன்: பாடும் உரிமையின் வரலாறு

அமெரிக்க நாட்டில் 1974 ஆம் ஆண்டு வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது, ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டாகும். இதனை இயற்றியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். இவ்விளையாட்டில் இன்று பலரும் உவந்து ஏற்கும் பாத்திரங்களுள் ஒன்று ஹாஃப்லிங் பாணன். மூன்றடி அளவினதாகிய உருவம், கையில் ஒரு நரம்புக் கருவி, வாயில் ஓயாத பாட்டு, இடுக்கணிலும் மாறாத நகைமுகம் ஆகியன அவனுக்குரிய அடையாளங்கள். இப்பாத்திரம் தொடக்க நாள்தொட்டே இவ்விளையாட்டில் இருந்தது போலும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பொருந்தாது. சிற்றுருவினன் பாணனாதற்கு விதிநூல்கள் நெடுநாள் இடந்தரவில்லை. இடந்தராமைக்கும், பின்னர்த் தந்தமைக்கும் உரிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயர் வரலாறு

'ஹாஃப்லிங்' என்பது விளையாட்டார் புனைந்த சொல் அன்று. ஸ்காத்லாந்து வழக்கில் இது முழு வளர்ச்சி எய்தாத இளைஞனைக் குறிக்கும். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய டோல்கீன், 1937 இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' என்னும் கதையில், வளைகளில் இனிது வாழும் சிறு மாந்தர்க்கு 'ஹாபிட்' என்று பெயரிட்டார். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவர்தம் பெருங்கதையில், பிற இனத்தார் அம்மாந்தரைச் சுட்டும் பெயராக 'ஹாஃப்லிங்' என்பது ஆளப்பட்டது.

முதல் விதிநூலில் 'ஹாபிட்' என்ற பெயரே இருந்தது. டோல்கீன் படைப்புகளின் உரிமை பெற்றோர் தடை எழுப்பவே, பின்வந்த பதிப்புகளில் அது நீக்கப்பெற்று, 'ஹாஃப்லிங்' என்னும் பெயர் நிலைபெற்றது. பெயர் மாறியதேயன்றி இயல்பு மாறிற்றில்லை. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. டோல்கீனின் சிறு மாந்தர் பாட்டில் வல்லவர். 1962 இல் அவர் வெளியிட்ட 'டாம் பாம்படில்' பாடற்றொகுதி, அம்மாந்தர் தம் ஏட்டில் எழுதிவைத்த பாடல்கள் என்னும் புனைவோடு அமைந்தது. எனவே, மூலக்கதையில் பாடிய இனத்தார்க்கு விளையாட்டில் பாணர் தொழில் மறுக்கப்பட்டது என்பது புலனாகும்.

2. பாணர் மரபு

'பார்டு' என்பது கெல்டிய மொழிச் சொல். கால் நாட்டில் பார்டுகள், வாட்டிகள், துரூயிதுகள் என மூவகையினர் சிறப்புற்றிருந்தனர் என்று ஸ்திராபோ எழுதினார். பார்டுகள் யாழ் போன்ற கருவியிசைத்துச் சிலரைப் புகழ்ந்தும் சிலரை இகழ்ந்தும் பாடினர் என்பர் தியோதோரசு. புகழும் இகழும் ஒரே நாவின் தொழில்கள் என்பது இதனால் விளங்கும்.

அயர்லாந்தில் 'ஃபிலி', 'பார்டு' என்னும் இரு வகுப்பினர் வேறு வேறாக வைத்து எண்ணப்பட்டனர். முறையாகக் கற்றுத் தேர்ந்த புலவன் ஃபிலி. அத்தகு கல்வியின்றிப் பாடுவோன் பார்டு. பழைய சட்டநூல்கள் பின்னவனுக்குக் குறைந்த மதிப்பே அளித்தன. எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறுவதும், லியம் பிரெத்னாக் என்பார் 1987 இல் பதிப்பித்ததுமாகிய 'உரைகெக்ட் நா ரியர்' என்னும் நூல், ஃபிலிகளுக்கு ஓல்லம் முதல் ஃபோக்லக் ஈறாக எழுவகை நிலைகளைக் கூறுகின்றது.

3. விதிநூல்களின் சான்று

1974 ஆம் ஆண்டு விதிநூலில் பாணன் என்னும் வகுப்பே இல்லை. ஹாபிட் பாத்திரத்தை ஏற்போர் போர்வீரராக மட்டுமே இருத்தல் கூடும். அதிலும் நான்காம் படிக்கு மேல் உயர்தல் இயலாது. 1976 இல் 'தி ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ' என்னும் இதழில் டக் ஷ்வெக்மன் பாணர் வகுப்பை முதன்முதலாக வகுத்தளித்தார். நார்டிக் ஸ்கால்டு, கெல்டியப் பார்டு, தென் ஐரோப்பிய மின்ஸ்திரல் ஆகிய மூவரின் கலப்பே தம் பாணன் என்று அவரே உரைத்தார்.

1978 இல் கைகாக்ஸ் வெளியிட்ட ஆட்டக்காரர் கையேட்டில் பாணர் பகுதி பிற்சேர்க்கையாக இடம் பெற்றது. பாணனாக விரும்புவோன் முதலிற் போர்வீரனாகவும், அடுத்துக் கள்வனாகவும் பயின்று, அதன்பின் துரூயிதுக் கல்வியுட் புகுதல் வேண்டும். அவன் அடையும் கல்லூரி நிலைகள் ஃபோக்லுகன், மாக்-ஃபுயிர்மித், டாஸ், கனாய்த், கிளி, அன்ஸ்த்ருத், ஓல்லம் என்பன. இவை மேற்கூறிய ஐரிஷ் நூலின் எழுநிலைப் பெயர்களே என்பது ஒப்புநோக்குவார்க்கு எளிதிற் புலப்படும். ஆயின் அந்நிலைகள் ஃபிலிக்கு உரியன. பார்டுக்கு உரியன அல்ல. புலவனுடைய பட்டங்களைப் பாணனுக்குச் சூட்டியது இவ்விளையாட்டு.

அப்பட்டங்களையும் எல்லாரும் பெற இயலவில்லை. மனிதரும் அரை-எல்ஃப் இனத்தாருமே பாணராகலாம் என்பது 1978 ஆம் ஆண்டு விதி. 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதன்மைக் கையேடும் அதனையே பின்பற்றியது. ஆட்டத்தின் உலகம் மனிதரை நடுவாகக் கொண்டது என்னும் கைகாக்ஸின் கருத்தே இத்தகைய வரம்புகளுக்கு அடிப்படை. 1992 இல் பாணர்க்கெனத் தனியே எழுந்த துணைநூல், சீழ்க்கையொலியால் இசைபரப்பும் ஹாஃப்லிங் வகையொன்றைச் சேர்த்தது. அடைத்த கதவு சற்றே திறந்தது எனலாம். 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பு, எவ்வினத்தாரும் எவ்வகுப்பும் ஏற்கலாம் என விதித்தபோது அக்கதவு முற்றும் திறந்தது. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஹாஃப்லிங்கின் ஒரு பிரிவினர்க்குப் பிறரை ஈர்க்கும் பண்பு இயல்பாகவே மிகுத்துக் கூறப்பட்டது. பாணனின் ஆற்றலுக்கு அடிப்படை அப்பண்பே. விலக்கப்பட்டவனே மிகப் பொருத்தமானவன் ஆயினான். 2024 ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய மிகுதிகளை இனத்தினின்று பிரித்து, பாத்திரத்தின் முன்வாழ்வொடு சார்த்தியது.

4. நகையும் வசையும்

களிப்பு மிக்க இப்பாத்திரத்தில் பழைய பார்டின் அச்சந்தரும் கூறு மறைந்தது என்று சிலர் கருதுவர். அக்கருத்து முற்றும் ஏற்புடைத்தன்று. ஐரிஷ் புலவன் வசை பாடின், பாடப்பட்டோன் முகத்திற் கொப்புளம் எழும் என்று மக்கள் நம்பினர். முறையற்ற வசைக்குச் சட்டநூல்கள் தண்டமும் விதித்தன. 2014 ஆம் ஆண்டுக் கையேட்டில், ஏளனச் சொல்லாலேயே பகைவனுக்கு ஊறு விளைக்கும் மந்திரம் ஒன்று பாணனுக்கு உண்டு. அவன் ஊக்கச் சொல் பெற்ற தோழன் கூடுதலாக ஒரு பகடை உருட்டும் உரிமை பெறுவான். புகழும் இகழும் என்று தியோதோரசு கூறிய இரண்டும் இவ்வாறு எஞ்சி நிற்கின்றன. மறைந்தது வேறு: குடிவழியையும் அரசர் வரலாற்றையும் நினைவிற் காக்கும் கடமை. பகடைக்கு உட்படாத அத்தொழிலுக்கு இவ்விதிகளில் பெரிதும் இடமில்லை.

5. மொழிபெயர்ப்புக் குறிப்பு

'பார்டு' என்பதைத் தமிழிற் பாணன் எனலாமா, புலவன் எனலாமா என்பது தமிழாய்வாளர்க்குப் புதிய வினா அன்று. 1968 இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் மரபுகளொடு ஒப்பிட்டு, அவற்றை வாய்மொழிப் பாணர் மரபின் வழிப்பட்டனவாகக் கண்டார். 1975 இல் ஜார்ஜ் ஹார்ட், கற்ற புலவர் வேறு, பிறப்பால் இசைத்தொழில் பூண்ட பாணர் வேறு எனப் பிரித்துக் காட்டினார். இவ்விளையாட்டின் பார்டோ பாணன் பெயரும் புலவன் பட்டமும் ஒருங்கு உடையவன். அவன் செய்யும் தொழிலை நோக்கின் பாணன் என்பதே தகும் என்பது எம் துணிபு.

விளையாட்டு நூல்கள் ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்று ஒதுக்குதல் பிழை. யார் பாடலாம், யார் பாடலாகாது என்னும் வினாவை ஒவ்வொரு சமுதாயமும் தனக்குரிய முறையில் விடுத்துள்ளது. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு விளையாட்டு அவ்விடையை மாற்றி எழுதிய வரலாறு, அச்சிட்ட ஏடுகளில் ஆண்டு முறையே காணக் கிடைக்கின்றது. வாய்மொழி மரபை ஆராய்வார்க்கு இத்துணைத் தெளிவான சான்று வாய்த்தல் அரிது.